நோ போன பின்னேரம்

யசோதினி படலையைத் திறக்கும்போதே முனகல் கேட்டது. அது புதினமில்லை, இரண்டு மாதமாக அந்த வீட்டில் ராப்பகலாய் அந்தச் சத்தந்தான். ஆனால் இன்றைக்கு அது புருசன் ஜெயரூபன் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற அறையிலிருந்து வராமல், வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியும் தாண்டி, வாவிப்பக்கமிருந்து வந்தது.

மழை இரைச்சலில் காது பிசகியிருக்கும் என்று நினைத்தாள். விடிய ஐந்தரை பஸ்ஸில் போய், கிளினிக் வாங்குப் பலகையில் அரைநாள் குந்தியிருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தவளுக்குக் காது பிசகினால்தான் என்ன.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த கரைச்சல். மோர்பின் குளிசை தொடங்கின நாட்களில் ஜெயரூபன் தின்றது குடித்தது எல்லாவற்றையும் சத்தியெடுத்தான். மறுகா, கொஞ்ச நாளில், அது நின்றுபோனது. போன செவ்வாய் புது டொக்டர், "குளிசை எப்படி?" என்று கேட்க, "இப்ப நல்லாப் பழகிட்டு டொக்டர்" என்றாள். உடம்பு ஏற்றுக்கொண்டது என்பதை இந்தப் பக்கத்துச் சனம் அப்படித்தான் சொல்லும். கொழும்பில் வளர்ந்த அந்த டொக்டர்ப் பிள்ளையின் காதில் அது போதைப் பழக்கம் என்று விழுந்திருக்கிறது. கிளினிக் கொப்பியில் என்னவோ கிறுக்கினார், நாளுக்கு ஆறு குளிசை இரண்டாகிப் போனது. இடுப்பெலும்பில் புற்றுநோய் இருக்கிற மனிசனுக்கு இரண்டு குளிசை.

இன்றைக்குப் போய் விளங்கப்படுத்தினாள். டொக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள்.

"எனக்கும் விளங்குது அம்மா. போன மாசம் இஞ்ச ஒரு பொம்பிள, ரெண்டு பிள்ளைட தாய், குளிசையாலதான் செத்தவ. அதுவும் ஒரு நோயாளிர வீட்டில இருந்து போன குளிசை. பெரிய டொக்டர் வரட்டும், செவ்வாய்க்கிழமை பாப்பம்."

அந்தப் பெண்ணுக்காக யசோதினியும்தான் அழுதாள். அதற்காக இந்த மனிசன் ஏன் கிடந்து துடிக்க வேணும்? இன்றைக்கு வெள்ளி. செவ்வாய் வரும் மட்டும் அந்த எலும்பு நோவை எந்தப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறது? நினைக்க நினைக்க விசர்தான் வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனாள். அங்கே எப்போதும் இருக்கிற டெட்டோல் மணமும், ஊறிப்போன வியர்வை மணமும், புளித்த கஞ்சி மணமும் இல்லை. வாவி வற்றும்போது கரையில் கிளம்புகிற சேற்று மணம் மட்டும் சுவரோரம் பிடித்து நின்றது. ஜெயரூபன் மல்லாந்து கிடந்தான். இரண்டு மாதமாக நீட்ட முடியாத வலது காலை நேராக நீட்டியிருந்தான்.

"நோ எப்படி?" என்றாள்.

"நோ போயிட்டு."

"எங்க போயிட்டு?"

"வெளியில நிக்குது. கதவப் பூட்டுங்க."

பூட்டுங்க. கலியாணம் கட்டிப் பதினெட்டு வருசத்தில் அவன் அவளை நீங்க என்று சொன்னதேயில்லை, புள்ள என்றுதான் கூப்பிடுவான். ஆனாலும் அவளுக்கு அழுகைதான் வந்தது, அவ்வளவு ஆறுதல். கதவுக்குக் கொண்டி போட்டுவிட்டு வந்து, துணி பட்டாலே அவன் அலறுகிற இடுப்பில் மெல்லக் கை வைத்தாள். அழுத்தினாள். அவன் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பு குளிர்ந்து கிடந்தது.

அப்போது முனகல் கிட்ட வந்தது. கிணற்றடி. பிறகு குசினிச் சுவர். ஈரச்சாக்கை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், நின்று நின்று, சுவரோரமாகவே முன்பக்கம் வந்தது.

"யசோ."

அவள் எழும்பி முன்கதவடிக்குப் போனாள்.

"கதவத் திற கா. ஏலாமக் கிடக்கு."

"போ," என்றாள். காலையில் டொக்டரிடம் சொல்லாமல் விழுங்கினதெல்லாம் வெளியே வந்தது. "போய் அந்தக் கிளினிக் வாங்கில குந்து. டொக்டர்ர இடுப்பில ஏறு. இந்த மனிசன் பட்டது காணும், போதும். இஞ்ச உனக்கு இடமில்ல."

அப்படிச் சொன்னது மனதுக்கு நல்லாத்தான் இருந்தது. அன்றைக்கு அதுதான் முதல்தரம்.

கதவின் அடியில் நகம் சுரண்டியது. கணுக்கால் உயரத்தில்.

"நான்தான் புள்ள. நோகுது."

"திறக்காதீங்க," அறைக்குள்ளிருந்து. "திறந்தா நோ வந்திரும்."

இரண்டும் ஒரே குரல். அவள் இரண்டு கையையும் கதவில் ஊன்றி நின்றாள். செவ்வாய் வரும் மட்டும். நாலு நாள். பிடிக்கலாம்.

சுரண்டல் நின்றது. இழுபடுகிற சத்தம் தூரப் போனது. மெதுவாக. கிணற்றடி. அதற்கும் அப்பால். பிறகு தண்ணிச் சத்தம்.

நோ எப்போது அவளைப் புள்ள என்று கூப்பிட்டது?

கொண்டியை இழுத்தாள்.

மழை விட்டிருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. படியிலிருந்து வாவி வரைக்கும் சேற்றில் ஒரு கோடு. முழங்கை பதிந்த குழிகள். மடங்கிய வலது கால் இழுபட்ட தடம்.

ஓடினாள்.

ஜெயரூபன் கழுத்தளவு தண்ணியில் கிடந்தான். முகம் நோவில் கோணியிருந்தது. அவளைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தண்ணி உள்ளே போனது. தலை தாழ்ந்தது.

முனகல் மட்டும் நிற்கவில்லை. தண்ணிக்கு அடியிலிருந்து வந்துகொண்டேயிருந்தது.

அவளுக்குப் பின்னால், சேற்றில், காலடி கேட்டது. இரண்டு காலும் ஒரேயளவாய் ஊன்றி. நோகாத நடை.