சுவர் கூப்பிட்ட பெயர்

அந்தப் பழைய கட்டடத்தின் கீழறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னபோது பெயின்டரால் மறுக்க முடியவில்லை. அரசாங்க வேலை. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்பவர்கள் பெருகிவிட்ட காலம் அது.

வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையும் ஏணியுமாக மத்தியானத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தான். வயதான காவலாளி இடுப்பில் சாவிக்கொத்து ஆட, முன்னால் படியிறங்கினார்.

"ரொம்ப நாளா பூட்டியே கெடந்துச்சு. நாளைக்கு மறுபடி தொறக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருப்பா."

"என்ன ஆபீஸுங்க?"

காவலாளி சிரித்தார். "ஊமையையும் பேச வைக்கிற ஆபீஸ்."

அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒற்றை பல்பு. சுவரில் இடுப்புயரத்துக்குப் பழுப்பேறிய கறை. ஈரத்தின் வாடை, துருவின் வாடை. இரண்டுக்கும் அடியில் மெல்லியதாக இன்னொன்று.

ஈயம் உருகும் வாசனை.

பெயின்டர் அதை அடையாளம் கண்டுகொண்டான். ரேடியோ ரிப்பேர்காரனின் விரல்களில் எப்போதும் இருந்த வாசனை அது. அவன் கடைக்கு வர்ணம் பூசப்போன இடத்தில் தொடங்கிய பழக்கம். ஊரார் கண்ணுக்கு இருவரும் மச்சான் முறை. "எங்க அக்கா வீட்டுக்காரரோட தம்பி" என்று ரிப்பேர்காரன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் புளுகுவான். கடைக்கதவைச் சாத்தி, இருக்கிற ரேடியோக்களை எல்லாம் அலறவிட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவே ஒருவர் காதோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். பெயின்டரின் காதுமடலில் எந்நேரமும் வெள்ளை ஒட்டியிருக்கும். அதனால் அவன் 'சுண்ணாம்பு'. அந்தப் பெயர் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. ஆணோடு ஆண் சேர்ந்திருப்பது தேசத்துரோகம் ஆனது. ஒருவனைப் பிடித்து அவன் வாயிலிருந்து அடுத்தவன் பெயரைக் கறந்தார்கள். ஒருநாள் காலையில் கடை திறந்து கிடந்தது, ஆள் இல்லை. பெயின்டர் வீட்டில் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து, கதவு தட்டப்படுவதற்காகக் காத்திருந்தான். யாரும் வரவில்லை. அதுதான் அவனை இத்தனை காலம் தின்றுகொண்டிருந்தது.

மட்டையை நனைத்துச் சுவரில் இழுத்தான்.

"சுண்ணாம்பு..."

கை நின்றது.

"என்னப்பா, சுண்ணாம்பு தீந்துடுச்சா?" மேலே திரும்பிப் போயிருந்த காவலாளி குரல் கொடுத்தார்.

"இல்லீங்க. நான் கூப்பிடலை."

காவலாளி தடதடவென்று இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்போ உனக்கும் கேக்குதா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "இங்க ஒருத்தன் இருந்தான். அந்த மாதிரி ஆளு. கூட்டாளி பேரைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் கை வலிச்சதுதான் மிச்சம். கல்லுளிமங்கன், வாயே தொறக்கலை. கடைசியில புத்தி பேதலிச்சுப் போயி, சுண்ணாம்பு சுண்ணாம்புன்னு பொலம்பினான். காயத்துல பூசக் கேக்குறான்னு நெனைச்சோம். அதோட போயிட்டான்."

பெயின்டர் மட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். அழக் கூடாது. மூச்சைக்கூடச் சத்தமாக விடக் கூடாது. "பாவம்" என்று யாரோ எவரோ போலச் சொல்லிவிட்டு, ஏணியை நகர்த்தினான்.

காவலாளி படியேறிப் போனார்.

"சுண்ணாம்பு..."

இப்போது உரக்க. ஈரச் சுவருக்குள்ளிருந்து. உயிரோடு இருந்தவரை பல்லைக் கடித்துக் காத்த பெயரைச் செத்தவனால் அடக்க முடியவில்லை. நாளைக்கு இங்கே வந்து உட்காரப்போகிறவர்கள் எல்லோரும் அது ஒரு ஆளின் பெயர் என்று புரியாத முட்டாள்களாக இருக்க மாட்டார்கள்.

பெயின்டர் ஈரச் சுவரில் கன்னத்தை வைத்தான்.

"போதும் மச்சான். நான்தான். இந்த நரகத்துல கெடக்காத. என்கூட வந்துடு."

குரல் நின்றது.

பல்பு ஒருமுறை மங்கி எரிந்தது. கன்னத்துக்கு அடியில் சுவர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. அந்தக் குளிர் தாடை வழியாக ஏறி, தொண்டைக்குள் இறங்கியது.

திரும்பினான்.

காவலாளி பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார். போனவர் போகவே இல்லை.

"யார்கிட்டப்பா பேசின?"

அவர் பார்வை பெயின்டரின் முகத்தில் ஊர்ந்து, வெள்ளை ஒட்டியிருந்த காதுமடலில் போய் நின்றது. நிதானமாக ஒரு படி இறங்கினார்.

"உனக்கு வேண்டியவங்க உன்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க?"

ஏதாவது பொய் சொல்லிவிட வேண்டும் என்று பெயின்டர் வாயைத் திறந்தான்.

"சொல்ல மாட்டேன்."

அது அவன் குரல் அல்ல.

உடைந்த பற்களுக்கு நடுவே காற்று சீறும் குரல். காவலாளிக்கு அந்தக் குரல் தெரிந்திருந்தது. சாவிக்கொத்து நழுவிப் படியில் விழுந்து உருண்டது.

"நீ... உன்னை நாங்கதானே..." முடிக்க முடியாமல் அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெயின்டர் வாளியை அங்கேயே விட்டுவிட்டு, அவரைக் கடந்து, படியேறி, வெயிலுக்குள் நடந்தான். யாரும் தடுக்கவில்லை.

வீட்டுவாசலில் வீட்டுச் சொந்தக்கார அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி வர்றே? உடம்புக்கு என்ன?"

ஒன்றுமில்லை அக்கா என்று சொல்ல நினைத்தான்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் வாயைப் பொத்தியது. சில்லென்ற உள்ளங்கை, விரல்களில் ஈய வாசனை. முரட்டுத்தனமே இல்லை, தூங்குகிற பிள்ளையைத் தொடுவது போல அத்தனை பதமாக.

இரு கைகளாலும் அதைப் பிடித்து விலக்கப் பார்த்தான். அங்கே பிடிப்பதற்கு எதுவுமே இல்லை.

"ஏம்ப்பா, வாயில என்ன?" என்று அந்த அம்மா கிட்டே வந்தார்.

ஒரு பெயரும் வெளியே வந்துவிடக் கூடாது என்பது போல, உள்ளங்கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது.