அலையில்லாத இடம்

காலையில் அம்மணி போட்டுவிட்டது ரெட்டைப் பின்னல். நேர்வகிடு எடுத்து, தேங்காயெண்ணெய் வழியத் தடவி, இழுத்துப் பின்னி, திண்டிவனம் கடைத்தெருவில் வாங்கிய சிவப்பு ரிப்பனால் மடித்துக் கட்டியிருந்தாள். மதியம் பாயில் தூங்கி எழுந்த பவுனுவின் தலையில் ஒற்றைப் பின்னல் தொங்கியது.

அம்மணிக்கு முதலில் வந்தது பயமில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. நாலு வயதுப் பிள்ளையின் தலையைத் தன்னைக் கேட்காமல் எவள் தொட்டாள்?

"யாருடி பின்னி உட்டது?"

"அம்மா" என்றது குழந்தை, கொட்டாவி விட்டுக்கொண்டே.

"நான் எப்படி பின்னுனேன்? அடுப்பாண்ட இல்ல இருந்தேன்!"

"நீ இல்ல பெரியம்மா. எங்கம்மா."

ஒரு வருஷமாகப் பொரி உருண்டையும் பொம்மையும் கொடுத்துக் கொடுத்துத்தான் அம்மணி அந்த வாயை 'அம்மா' என்று கூப்பிடப் பழக்கியிருந்தாள். ஒரே மதியத்தில் அது பழையபடி பெரியம்மாவுக்குத் திரும்பிவிட்டது. அவள் குழந்தையை முரட்டுத்தனமாக இழுத்து மடியில் போட்டுப் பின்னலை அவிழ்த்தாள். பிடரியில் முடி ஈரமாக இருந்தது. பிரிகளை மேலே போடாமல் அடியில் கொடுத்துப் பின்னி, நுனியை முடியாலேயே முடிந்திருந்தது. ரிப்பனை யாரோ உருவித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். கடைசிப் பிரி அவிழ்ந்தபோது உள்ளங்கையில் மணல் கொட்டியது. கொல்லையில் கிடக்கிற செம்மண் இல்லை. வெள்ளை மணல், அதில் நகத்தளவு ஒரு சிப்பித் துண்டு.

நேரே பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"காலையில இருந்து மல்லாக்கொட்டை ஒடச்சிக்கினு கெடக்கறேன், உங்கூட்டுப் புள்ளைக்குச் சடை பின்ன எனக்கு நேரம் எங்க இருக்குது?" என்றாள் முனியம்மாள். "கத்திரி வெயிலு உனுக்குத் தலைக்கு ஏறிப்போச்சா? போய் மோர் குடிச்சிட்டுப் படு, போ."

அம்மணி திரும்பி வந்தாள். அடியில் கொடுத்துப் பின்னுகிற அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? காணை கிராமத்திலிருந்து வாழவந்த கை அது. ஓரகத்தி ராஜாமணியின் கை. ராஜாமணி கடலில் போய் ஒரு வருஷம் ஆகிறது.

அம்மணி அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், வயிறு திறக்கவில்லை. திருவக்கரை அம்மனுக்கு அவள் போகாத பௌர்ணமி கிடையாது. லாரி ஓட்டுகிற கொழுந்தன் மாரியப்பன் ராஜாமணியைக் கட்டிக்கொண்டு வந்தான். பத்தே மாதத்தில் பவுனு பிறந்துவிட்டாள். அதோடு விட்டதா? ராஜாமணி வைக்கிற குழம்பு ருசி, ராஜாமணி சிரித்தால் வீடு நிறைந்துவிடும், ராஜாமணி கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். அம்மணியின் புருஷன் விருத்தாசலம், எதற்கும் வாய் திறக்காத மனுஷன், அவர்கூடச் சாப்பாட்டில் உட்கார்ந்து, "இது சின்னவ வெச்சதா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்.

ராஜாமணி கெட்டவளாக இருந்திருந்தாலாவது நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். அதுதான் பெரிய பேஜாராகிவிட்டது. அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றுவாள். "பவுனை நீயே வெச்சிக்கக்கா, எனுக்கு இன்னொன்னு பொறக்காமயா போவுது" என்று பிள்ளையைத் தூக்கி மடியில் போடுவாள். இருக்கிறவளுக்குத்தானே கொடுக்கத் தோன்றும்! அந்தத் தாராளம் அம்மணியின் நெஞ்சில் நெருப்பாக எரிந்தது.

கொல்லையில் கல் கட்டிய பெரிய கிணறு ஒன்று உண்டு, உள்ளே இறங்கப் படிகளோடு. வெயில் காலத்தில் ராஜாமணி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மேலிருந்து தொபீரென்று குதிப்பாள். நாலு கை போட்டால் இந்தச் சுவர், திரும்பி நாலு கை போட்டால் படி. வீடே கிணற்றைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். நீந்தத் தெரியாத அம்மணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்பாள்.

போன வருஷம் மே மாத லீவில் வேன் பிடித்து மரக்காணம் பக்கம் கடலுக்குப் போனார்கள். மெட்ராஸ்காரர்கள், காலேஜ் பையன்கள், குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் என்று கரை முழுக்கக் கூட்டம். ராஜாமணி அன்றுதான் கடலையே முதன்முதலில் பார்த்தாள். "இன்னாக்கா இது, நம்ம கெணறு மாதிரி ஆயிரம் கெணறு இருக்கும் போல!" என்றாள். கிணற்றில் நீந்துகிறவளுக்குக் கடலும் தண்ணீர்தான் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டு அம்மணிதான் குப்பத்துப் பக்கம் போனாள். கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி குடத்தைச் சாய்த்து ஊற்றியபடியே சொன்னாள்:

"அதோ அலையடிக்காம அமைதியா கெடக்குது பாரு, அங்க மட்டும் எறங்காதீங்க. அதுதான் ஆள இழுக்கற எடம். வருசா வருசம் லீவுக்கு வர்றவங்க அதைப் பார்த்துதான் ஏமாந்து போறாங்க. இழுத்துச்சின்னா கரையப் பார்த்து நீந்தக் கூடாது, பக்கவாட்டுல போவணும். உங்க ஜனங்ககிட்ட ஜல்தியா போய்ச் சொல்லு."

சொல்லத்தான் வந்தாள். வந்து பார்த்தால், விருத்தாசலம் பவுனைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். ராஜாமணி ஏதோ சொல்ல, அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். கல்யாணமான எட்டு வருஷத்தில் அம்மணி அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

"இங்க அலை மூஞ்சியிலயே அடிக்குதுக்கா, நீந்தவே முடியல" என்றாள் ராஜாமணி.

அம்மணி சிரித்தாள். கையை நீட்டிக் காட்டினாள். "அங்க அலையே இல்ல பாரு. அங்க எறங்கு."

ராஜாமணி போனாள். கொஞ்ச நேரத்தில் கரையைப் பார்த்துத் திரும்பி, கிணற்றுப் படியைப் பிடிக்க வருகிற மாதிரி நேராக நீந்தினாள். நாலு கை. எட்டுக் கை. போடப் போடத் தூரமாகிக்கொண்டே போனாள். கத்தவே இல்லை. ஒரு கையை மட்டும் மேலே தூக்கினாள். வித்தை காட்டுகிறாள் என்று விருத்தாசலம் விசில் அடித்தார். அவர் தோளில் உட்கார்ந்திருந்த பவுனு அம்மாவைப் பார்த்துக் கை தட்டியது. அந்தக் கரையில் அம்மணிக்கு மட்டும் தெரியும். பக்கவாட்டில் போ என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒட்டவில்லை. அவள் கத்தவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ராஜாமணி தெற்கே ஒரு குப்பத்தில் ஒதுங்கிக் கிடந்தாள், தலைமுடி முழுக்க மணலோடு. அன்றிலிருந்து பவுனு அம்மணியின் பிள்ளை. மாரியப்பன் லாரியிலேயே கிடந்தான். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வருஷம் திரும்பியதும் பூவாடைக்காரி பூசை வைத்தார்கள். சுமங்கலியாகச் செத்தவளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கும்பிடுவார்கள். தண்ணீர்க்கரையில் புதுப்புடவையும் பூவும் வைத்து, வீட்டுச் சுமங்கலி ஒருத்தி மூன்று தரம் அவளை வீட்டுக்கு அழைக்க வேண்டும். அழைத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் மொண்டு உள்ளே கொண்டுவர வேண்டும். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் தெய்வம், காவல். மூத்த மருமகள் அம்மணிதான் கிணற்றுப் படியில் நின்று அழைத்தாள். இரண்டு தரம், "வூட்டுக்கு வா தாயீ" என்று எல்லோருக்கும் கேட்க அழைத்தாள். மூன்றாம் தரம் பூசாரியின் உடுக்கைச் சத்தம் உச்சத்தில் இருந்தது. பவுனு தண்ணீரை எட்டிப் பார்த்து, "அம்மா வருமா?" என்று ஆசையாகக் கேட்டது. அம்மணி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"வராத. அங்கயே கெட."

பின்னல் ஆரம்பித்தது அதற்கு மறுநாள்.

இரண்டாம் நாளும் பின்னியிருந்தது. மூன்றாம் நாள் அம்மணி தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் வெள்ளையாகக் கொதித்தது, தெருவில் ஒரு நாய்கூட இல்லை, ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சம் பாயில் ஊர்ந்தது, எங்கிருந்தோ கருவாட்டு வாடையும் பாசி வாடையும் கலந்து வந்து மூக்கில் ஏறின, அதோடு கொல்லைப் பக்கமிருந்து ஒரு சத்தம், புஸ்ஸென்று இரைந்து வந்து அடித்து, சரசரவென்று பின்வாங்கி, கொஞ்சம் மூச்சு வாங்கி, திரும்பவும் இரைந்து வந்தது. கண் எப்போது மூடியது என்று அவளுக்குத் தெரியவில்லை. விழித்தபோது குழந்தையின் தலையில் ஒற்றைப் பின்னல் இருந்தது.

"மோட்டார் கொட்டாய் சத்தமா இருக்கும்டி" என்றார் விருத்தாசலம்.

"கரண்ட்டே இல்லீங்க அப்ப."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டி வேலைக்குப் போய்விட்டார்.

நான்காம் நாள் முந்தானையின் நுனியைக் குழந்தையின் கையோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தாள். எழுந்தபோது முடிச்சு மூன்றும் அப்படியே இருந்தன. பின்னலும் இருந்தது. பாயிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் தரை ஈரம்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். குழந்தை காலையில் கேப்பைக் கூழ் குடிக்கும்போதே, "எப்பப் பெரியம்மா மத்தியானம் வரும்?" என்று கேட்க ஆரம்பித்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. செத்தும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாளே! ஒரு வருஷம் ராப்பகலாகக் காய்ச்சலும் பேதியும் பார்த்தவள் இவள். மத்தியானத்தில் ஒரு நாழிகை வந்து சடை பின்னுகிறவள் அம்மாவா?

"நாளைக்கு வெள்ளிக்கெழம. திருவக்கரைக்குப் போய்ப் புள்ளைக்கு மொட்டை போட்டுட்டு வந்துடலாங்க" என்றாள் புருஷனிடம். முடியே இல்லாவிட்டால் எதைப் பின்னுவாள், பார்க்கலாம்.

குழந்தை தூணைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மதியம் பாய் காலியாகக் கிடந்தது.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. கிணற்றுப் படிவாசலை அடைத்துக் கட்டிய ஓலைத் தட்டி ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தரை சுட்டது. அம்மணி செருப்பில்லாமல் ஓடினாள்.

பவுனு ஏழாம் படியில் உட்கார்ந்திருந்தது. முதுகு தண்ணீரைப் பார்த்து. முகம் அம்மணியைப் பார்த்து. தலை பின்னால் சாய்ந்திருந்தது, சடை பின்னும்போது சாய்கிற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டது. வலது பிரி. இடது பிரி. பின்னால் யாருமில்லை. காற்றே இல்லாத கிணற்றில் தண்ணீர் மட்டும் இரைந்து வந்து சுவரில் அடித்து நுரைத்தது.

"பவுனு! எழுந்து வாடி!"

"இரு பெரியம்மா. இன்னும் முடியல."

பயம்தான். ஆனால் அந்த இதமான குரல், தன்னிடம் ஒருநாளும் அப்படி உட்காராத பிள்ளையின் அந்தச் சாய்வு. அம்மணி படியிறங்கினாள். இரண்டு. நாலு. பாசி வழுக்கியது. குழந்தையின் தோளைப் பிடித்து இழுத்தாள். வந்தது. பின்னல் வரவில்லை. காலையில் அவள் கட்டிய சிவப்பு ரிப்பன் பின்னல் நுனியிலிருந்து நீண்டு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது, விறைப்பாக.

ரிப்பனைப் பிடித்தாள்.

முடிச்சு அவிழ்ந்தது. குழந்தை விடுபட்டு மேல்படிக்கு ஏறியது. அதோடு விட்டிருக்கலாம். கையைத் திறந்தால் போதும். பிள்ளை இந்தப் பக்கம், ரிப்பன் அந்தப் பக்கம், போய்த் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம்.

"என்னுது!" என்றாள் அம்மணி. "நான் வாங்கிக் குடுத்தது!"

விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. அவசரமில்லாமல். பொறுமையாக. ஏழாம் படி. எட்டாம் படி. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, அலை முகத்தில் அறைந்தது, வாய் முழுக்க உப்பு. கால் வைக்க இடம் தேடினாள்.

மேலிருந்து குழந்தை கையை நீட்டிக் காட்டியது.

"அங்க அலையே இல்ல பாரு பெரியம்மா. அங்க எறங்கு."

கிணற்றின் நடுவில், இத்தனை நுரைக்கும் நடுவில், ஓர் ஆள் அகலத்துக்குத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

அடுத்த படி இல்லை.

படியைப் பார்த்துக் கையை அடித்தாள். படி தூரமாய்ப் போனது. மறுபடி அடித்தாள். இன்னும் தூரம். கத்த வாய் திறந்தாள், தண்ணீர் போனது. பக்கவாட்டில் போகணும். யாராவது சொல்லுங்களேன். நீந்தத் தெரியாதவளுக்கு எது பக்கவாட்டு?

ரிப்பன் சுற்றிய கை மட்டும் மேலே எழும்பியது.

மேல்படியில் பவுனு குதித்துக் குதித்துச் சிரித்தது. கை தட்டியது. தண்ணீர் கண்ணை மூடுமுன் அம்மணி அதைப் பார்த்தாள். காது மூடுமுன் கேட்டாள். குழந்தையின் சின்னக் கைத்தட்டலோடு சேர்ந்து, அதே படியில், அதற்குப் பக்கத்தில், ஈரமான இரண்டு பெரிய கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.