மிளகுப்பட்டணத்துக் கதவு

கொலுப்படிக்குக் கீழே, மணல்மேல் கட்டிய பொம்மைக் கோட்டைக்குள் கடுகு முளைத்து நின்றது. அந்தப் பச்சைக்கு நடுவே, விரல் அகலத்தில், யாரோ நடந்து நடந்து தேய்த்த மாதிரி ஒரு பாதை விழுந்திருந்தது. எலியாக இருக்கும் என்று சாரதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் எலி கோட்டைக்குள் இருந்த கடைவீதி வரைக்கும் போய், ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று நின்றா போகும்?

அதைவிடப் பெரிய எரிச்சல் அவளுக்கு இருந்தது. போன வருஷம் வரை கொலு என்றால் உத்திரமேரூரில் அந்தத் தெருவே சாரதா வீட்டைத்தான் கை காட்டும். தை மாசம் ஓரகத்தியாக வந்து சேர்ந்தாளே கஸ்தூரி, எல்லாம் போச்சு! களிமண்ணில் மதில், தீப்பெட்டியில் கடைகள், அட்டையில் பெரிய வாசற்கதவு என்று ஒரு பட்டணத்தையே எழுப்பிவிட்டாள். மிளகுப்பட்டணமாம். சுண்டலுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பொம்மையை எடுத்துக்கொண்டு, அந்தப் பொம்மையாகவே பேச வேண்டுமாம். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் முத்து வியாபாரி, ஆண்டாளம்மாள் சுங்கக்காரி. கிழவி குமரி வித்தியாசமில்லாமல் மிளகுக்கு விலை பேசிக்கொண்டு கிடந்தார்கள். சாரதா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற மகள் ஆதிலட்சுமி, சோறு தின்பதும் தூங்குவதும் சித்தி மடியில்தான் என்று ஆகிப்போனதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கூப்பிட்டால் "இரும்மா" என்கிறது குழந்தை. சாரதாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"வெளக்கு வெச்சதும் கோட்டக் கதவ சாத்திடணும் ஆதி. அதுக்குள்ள எல்லாரையும் உள்ள கூப்ட்டுக்கணும். வெளிய நின்னா வெளியதான்," என்பாள் கஸ்தூரி தினமும். பச்சைப் புடவை கட்டிய மண் பொம்மைதான் அவளுடைய ஆள். அதைக் கடைசியாக உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவாள்.

அன்று மழை. பட்டுப்புடவைகளைக் கொடுக்கக் காஞ்சிபுரம் போன வீட்டு ஆண்கள், அண்ணன் தம்பி இரண்டு பேரும், அங்கேயே தங்கிவிட்டார்கள். கரண்ட் இல்லை. ஜெகதாம்பாளுக்குச் சுண்டல் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கஸ்தூரி, தன் பொம்மையைப் போலவே பச்சைப் புடவையில், குடையோடு கிளம்பினாள். ஆதி அடுப்படியில் இருந்தாள்.

சாரதா விளக்கை ஏற்றினாள். பட்டணத்துக்குள் கை விட்டு, பச்சைப் புடவைக்காரியைத் தூக்கினாள். விஜயதசமி ராத்திரிதான் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். படுக்க வைத்தால் கொலு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு இன்னும் நாள் இருந்தது. இருந்தால் என்ன? மதிலுக்கு வெளியே, மணலில், முகம் குப்புறப் படுக்க வைத்தாள்.

"முடிஞ்சுதுடி உன் ஆட்டம்," என்று சொல்லி அட்டைக் கதவைச் சாத்தினாள். மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

வாசல் கதவு முனகியது. இருட்டில் பச்சைப் புடவை அவளைத் தாண்டிப் போனது.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"ம்," என்றாள் கஸ்தூரி, நிற்காமல். அடுப்படிக்குள் போனாள். அவள் போன வழியில் நனைந்த துணி நாற்றம் இல்லை, சூளையில் வைக்காத பச்சைக் களிமண் நாற்றம் மூக்கில் ஏறியது. மழை ஈரத்தில் கோட்டை மதில் இளகுகிறதோ என்னவோ. சாரதா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் ஆதி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

கதவு தட்டும் சத்தம்.

"அக்கா! நான்தான். கதவத் தொறங்க. ஜெகதாம்பா அத்த பேசிக்கினே உக்கார வெச்சிட்டாங்க."

கஸ்தூரியின் குரல்.

தாழ்ப்பாளை நீக்கப் போன சாரதா கையை இழுத்துக்கொண்டாள்.

"யாருக்கா அது?" என்றது அடுப்படி. அதே குரல். "தொறக்காதீங்க. வெளிய நின்னா வெளியதான்."

விளக்கைத் தூக்கிக்கொண்டு கொலுவுக்கு ஓடினாள். மதிலுக்கு வெளியே மணலில் ஒரு பள்ளம். குப்புறப் படுத்த பொம்மை அளவுக்கு. பொம்மை இல்லை.

"ஆதி! இங்க வாடி கண்ணு!"

"இரும்மா. சித்தி தல வாரி வுடறாங்க." குழந்தையின் குரல் தடித்து, இழுத்து வந்தது. "சித்தி கை சில்லுனு கீது."

வாசலில் கதவு அதிர்ந்தது. "அக்கா, இன்னாக்கா வெளையாட்டு? பயமா கீதுக்கா, தொறங்க!"

சாரதா அடுப்படிக்குப் போனாள். அய்யோ, என் குழந்தை. விளக்கை உயர்த்தினாள்.

பச்சைப் புடவை. ஒரு மடிப்புகூட இல்லை. முதுகு திரும்பவில்லை. அந்தக் கழுத்து திரும்புகிற கழுத்தில்லை. ஆதியின் தலைமேல் ஒரு கை ஏறி இறங்கியது. விரல்கள் பிரியவில்லை. நான்கு கோடுகள் மட்டும் கறுப்பாக இழுத்திருந்தன.

வாராத பக்கம், முடி காற்றில் பறந்தது. வாரி முடித்த பக்கம் வழவழவென்று மின்னியது. ஒரு இழை அசையவில்லை. கறுப்புப் பெயிண்ட். நெற்றி வரைக்கும். கன்னம் வரைக்கும்.

ஆதி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது. ஒரு கண்தான் இமைத்தது.