சேவல் கணக்கும் சிரிப்பு மலக்கும்

நிகழ்தகவு என்ற பாடம் தொடங்கிய நாளிலிருந்து தபாரக்குக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். பையில் மூன்று சிவப்புப் பந்து, இரண்டு நீலப் பந்து. கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் நீலம் வர வாய்ப்பு எவ்வளவு? இந்த மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் போட்டு ஒரு வழியாகப் பிடித்துவிட்டாள். சேவல் கணக்குதான் மசியவில்லை.

'ஒரு சேவல் மழை நாளிலும் கூவும், வெயில் நாளிலும் கூவும். இன்றும் கூவியது. அதனால் இன்று மழை வரும் வாய்ப்பு கூடுமா?'

கூடும் என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதன்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்.

நோன்பு திறந்து, பருப்பு சூப் குடித்த கையோடு அதே கணக்கை மறுபடி எடுத்து உட்கார்ந்தாள். ஆறு வயதுத் தங்கை மலக் விட்டால்தானே.

"அக்கா, வா. மோதிர ஆட்டம் ஆரம்பிச்சிருவாங்க."

ரமலான் மாதத்து பாக்தாதில் மஹைபிஸ் என்ற இந்த மோதிர ஆட்டம் ஆடாத தெரு ஏது? ஒரு தெருப் பிள்ளைகள் கைகளைப் போர்வையால் மூடிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். அவர்களின் தலைவன் போர்வைக்குள் கையை விட்டு ஒவ்வொரு உள்ளங்கையாகத் தொட்டுக்கொண்டே போய், யாரோ ஒருவர் கையில் மோதிரத்தை வைத்துவிடுவான். எதிர்த் தெருத் தலைவன் முகங்களைப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். காலி என்று தோன்றும் கையை 'விடு' என்பான். விடச் சொன்ன கையிலேயே மோதிரம் இருந்தால் அவன் தோற்றான். தோற்ற தெரு ஸலாபியா வாங்கித் தர வேண்டும். ஜீராவில் ஊறிய அந்த இனிப்பைத் தின்பது மட்டும் இரண்டு தெருவும் சேர்ந்துதான்.

அன்று எதிரில் ஆடிய ரொட்டிக்கடைத் தெருவின் தலைவன் கர்ரார். புருவம் துடித்தாலே கண்டுபிடிப்பவன். இரண்டு பக்கமும் சமம். கடைசிச் சுற்றுக்கு முன்னால் எல்லாரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

தபாரக்கின் தெருத் தலைவன் அய்ஹம் முகத்தைச் சுளித்தான்.

"மலக்க வீட்டுக்கு அனுப்பு. எப்பப் பாத்தாலும் இளிச்சுக்கிட்டே இருக்கா. அவகிட்ட மோதிரத்த வைக்கவும் முடியல. ஒரு எடம் தண்டம்."

மலக்கின் உதடு பிதுங்கியது. தபாரக்குக்குச் சுருக்கென்றது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஏண்டி சிரிக்கிற?"

"கையத் தொட்டா கூசுதுக்கா."

தபாரக் அப்படியே நின்றாள். பேரீச்சங்கொட்டை ஒன்றை எடுத்து, தங்கையை வாசல் ஓரம் கூட்டிப் போனாள். கொட்டையை உள்ளங்கையில் வைத்தாள். மலக் சிரித்தாள். வைக்காமல் வெறுமனே தொட்டாள். அதே சிரிப்பு. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். கொட்டை இருந்தாலும் சிரிப்பு, இல்லாவிட்டாலும் சிரிப்பு.

மழை நாளிலும் கூவும், வெயில் நாளிலும் கூவும்!

அவள் அய்ஹமிடம் ஓடினாள்.

"மலக் இருக்கட்டும். இந்த ஒரு தடவ மோதிரத்த நான் வைக்கிறேன்."

"கணக்குல கோட்ட விட்டவ எங்களுக்கு யோசன சொல்றியா?"

"கோட்ட விட்ட கணக்குதான் சொல்லுது. தோத்தா ஸலாபியாவுல என் பங்கு உனக்கு."

அய்ஹம் ஸலாபியா என்றால் உயிரை விடுவான். மோதிரத்தைக் கொடுத்துவிட்டான்.

தபாரக் போர்வைக்குள் கையை விட்டு, வரிசை முழுக்க ஒவ்வொருவர் கையையும் தொட்டுக்கொண்டே போனாள். மலக் வழக்கம்போல் கிளுகிளு என்று சிரித்தாள். போர்வை விலகியது.

கர்ரார் மெதுவாக நடந்து வந்தான். அய்ஹமின் கண்ணை உற்றுப் பார்த்தான். பக்கத்துப் பையனின் மூக்கு நுனியில் வியர்வை. அதையும், மலக்கின் சிரிப்பையும் பார்த்துக்கொண்டான். தோற்றால் மலக்கை இனி யாரும் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்.

"மொதல்ல இந்தக் குட்டி. இது சும்மாவே சிரிக்கிற கேசு, இதுகிட்ட யாரு மோதிரத்த வைப்பா? ரெண்டு கையையும் விடு."

மலக் கையை விரித்தாள். வலது உள்ளங்கையில் மோதிரம் பளபளத்தது.

"பாத்!" என்று தெருவே எழுந்து கத்தியது. மோதிரம் எங்களிடமே தங்கிவிட்டது என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை பாடும். அய்ஹம் மலக்கைத் தோளில் தூக்கிவைத்து ஒரு சுற்று சுற்றினான்.

கர்ரார் தலையைச் சொறிந்தான். "அவ முகத்த நல்லாத்தானே பாத்தேன். எப்படித் தப்பிச்சுது?"

"அவ சிரிப்பு ஒண்ணுமே சொல்லாது, கர்ரார். மோதிரம் இருக்குன்னும் சொல்லாது, இல்லேன்னும் சொல்லாது. நீயா இல்லேன்னு நெனச்சுக்கிட்ட."

"இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒரு சேவல்," என்றாள் தபாரக். சொல்லும்போது கழுத்து தானாக நிமிர்ந்தது.

கூட்டத்தில் நின்ற அப்பா, தேநீர்க்காரரின் கையைப் பிடித்து, "ரெண்டும் என் பொண்ணுங்க," என்றார். அந்த மனிதருக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆனாலும் அப்பா இன்னொரு முறை சொன்னார்.

கர்ரார் ஸலாபியாத் தட்டோடு வந்தான். மலக் ஒரு துண்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பிசுபிசுத்த இரண்டு கைகளையும் மூடி அவன் முன் நீட்டினாள். கிளுகிளு என்று சிரித்தாள்.

"எந்தக் கைல இருக்கு, சொல்லு."

கர்ரார் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தபாரக்கைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றான்.

அதுதான் சரியான விடை என்று தபாரக் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டாள்.