கதவு மூட்டை

சுன்னிவாவுக்கு மெதுவாகப் பேசவே வராது.

“ஏலிஃபுக்கு நான் கயிறு பிடிக்கிறேன்!” என்று அவள் போட்ட கூச்சலில் பழைய மீன் கிடங்கே அதிர்ந்தது.

கிடங்கில் இப்போது மீன் இல்லை. நார்வேயின் அந்தச் சின்னத் தீவில் மழை ஓய்வதே அபூர்வம். அதனால் பிள்ளைகள் பாறை ஏறப் பழகுவது இங்கே இருக்கும் செயற்கைச் சுவரில்தான். சுவர் உச்சியில் ஒரு மணி தொங்கியது. நண்பர் பிடிக்கும் கயிற்றில் ஏறித்தான் அதை அடிக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

ஏலிஃப் மட்டும் இன்னும் அடிக்கவில்லை. பத்து வயதிலேயே ஓங்குதாங்காக வளர்ந்துவிட்டான். அவன் கனத்தைத் தாங்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

“நீயா? காத்தடிச்சாலே பறந்துடுவ!” என்றான் ஏலிஃப்.

“பறந்தா உன்னையும் இழுத்துக்கிட்டுப் பறப்பேன். வாடா!”

பயிற்சி தரும் லிவ் சிரித்தாள். “முதல்ல சோதனை. முடிச்சைப் பாருங்க, இடுப்புப் பட்டையைப் பாருங்க. அவனோடதை நீ, உன்னோடதை அவன்.”

இருவரும் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். ஏலிஃபின் இடுப்பிலிருந்து கயிறு உச்சி வளையம் வரை போய், இறங்கி, சுன்னிவாவின் இடுப்பில், கயிறு நழுவாமல் நிறுத்தும் பூட்டுக்குள் நுழைந்தது. பின்னால் லிவ்வும் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

ஏலிஃப் கொஞ்சம் ஏறினான். “விழறேன்!” என்று சோதித்துப் பார்க்கக் கையை விட்டான்.

அவ்வளவுதான். மேலே போனவன் கீழே வந்தான், கீழே நின்றவள் ஜிவ்வென்று மேலே போனாள். நடுவழியில் இருவர் மூக்கும் மோதாத குறை.

“சௌக்கியமா?” என்று கேட்டாள் சுன்னிவா.

கிடங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏலிஃபும் சிரித்தான். ஆனால் தரைக்கு வந்ததும் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“பரவாயில்ல. நான் வேடிக்கை பாக்கறேன். ரொட்டி கொண்டாந்திருக்கேன்.”

ரொட்டியைக் கையில் வைத்திருந்தானே தவிர, ஒரு கடி கூடக் கடிக்கவில்லை. அதைப் பார்த்த சுன்னிவா லிவ்விடம் ஓடினாள்.

“லிவ், நான் கயித்தை விட்டேனா?”

“விடவே இல்ல. தொங்கும்போதும் இறுக்கிப் பிடிச்சிருந்த, சபாஷ்! ஆனா உன் எடை பத்தலையே.”

“எங்கப்பா படகும் லேசுதான். நங்கூரம் போட்டா நிக்குதே!”

சொல்லும்போதே அவள் கண் கதவுப் பக்கம் போனது. தாழ்ப்பாள் உடைந்த கதவைக் கடல் காற்று தள்ளாமல் இருக்க, ஒரு மணல் மூட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“இதை என்மேல கட்டுங்க!”

லிவ் கதவருகே போனாள். மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள், அதன் பட்டையை இழுத்துப் பார்த்தாள். பிறகு சுன்னிவாவின் இடுப்புப் பட்டையோடு மாட்டினாள். கதவு திறந்துகொள்ள, குளிர்காற்று உள்ளே பாய்ந்தது.

“ஐயோ, விறைக்குதே!” என்று பிள்ளைகள் அலறினார்கள்.

“கோட்டைப் போட்டுக்கோங்கடா!” என்று கத்தினாள் சுன்னிவா. “டேய் ஏலிஃப், வா. மறுபடியும் முடிச்சு, மறுபடியும் சோதனை.”

அவன் கொஞ்ச உயரம் மட்டும் ஏறி, கையை விட்டான். சுன்னிவாவின் குதிகால் மட்டும் எழும்பியது. மூட்டை அசையவில்லை.

“இப்ப நிஜமாவே ஏறு!”

ஏறினான். நடுவில் ஒருமுறை கால் வழுக்கியது. சுன்னிவா கையை விடவில்லை, அவன் கயிற்றில் தொங்கி, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டதே ஒரு சத்தம்! டிங் டிங் டிங் டிங்!

“போதும்டா, காது போச்சு!” என்று கெஞ்சினாள் லிவ்.

அவன் இறங்குவதற்குள் எல்லாரும் சுன்னிவாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “அடுத்து எனக்குப் பிடி!”

“மூட்டை இங்கேயே இருந்தா கதவு?” என்றான் குளிரில் பல் தந்தியடித்த ஒருவன்.

ஏலிஃப் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து ஜம்மென்று உட்கார்ந்தான். வெளியே காற்று என்ன முட்டியும் கதவு இம்மியும் அசையவில்லை.

அப்புறம்தான் ரொட்டியை எடுத்து, வாய் நிறையக் கடித்தான்.