ஆறடிக்கு ஆறு நூல்

பத்மா சொல்லி முடிப்பதற்குள் வனஜாவின் காபியில் ஆடை படிந்துவிட்டது. அம்பத்தூரில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளையின் குணம் எப்படி என்று விசாரிக்கத்தான் வருவார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாக உருப்படியாக ஒரு வழக்கு வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்த வனஜாவுக்கு, வந்த வழக்கில் ஒரு மனிதன் செத்திருக்கிறான் என்று கேட்டதும் அந்த ஏக்கமே குற்றமாகப் பட்டது.

"நசரத்பேட்டைல உலகப் பூங்கானு கட்டறாங்கம்மா. பிரமிடு, சீனச் சுவர், எல்லாம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் மனோகரன்தான் அதுக்கு டிராஃப்ட்ஸ்மேன்" என்றாள் பத்மா. "ஏதென்ஸ் கோயில் முகப்பைப் பாதி அளவுல கட்டினாங்க. எட்டுத் தூண். முந்தாநாள் மேலேயிருந்து ஒரு பீம் விழுந்து அய்யாசாமினு ஒரு மேஸ்திரி செத்துட்டாரு. இவர் போட்ட அளவு தப்பாம். இன்னிக்குக் காலைல இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாளைக்குக் காலைல கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டார் அலுவலகத்தை நடத்தும் ஜெகதாம்பாள்.

பத்மா குரலைத் தாழ்த்தினாள். "அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாரும்மா. 'நான்தான் கொன்னுட்டேனோ பத்மா'ங்கறாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

ஜெகதாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் நஷ்டங்களைக் கணக்கிடும் வேலையில் மில், பட்டறை, ஃபவுண்டரி என்று ஏறி இறங்கியவர். இடி விழுந்தாலும் நிதானமாகத் திரும்பிப் பார்க்கிற ரகம். வனஜாவுக்கு அந்த நிதானம் சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

"தூணை நிறுத்தினது யார்?"

"இவரேதான், டேப் பிடிச்சு. பீம் செஞ்சது காண்ட்ராக்டர் வரதன். அதுக்கு இவர் வரைஞ்சு கொடுத்த ஷீட் மழையில நனைஞ்சு கூழாயிடுச்சுங்கறாரு."

பத்மாவுக்குத் துணையாக வந்திருந்த அண்ணன் பால்ராஜ் அதுவரை நாற்காலி நுனியில் தவித்துக்கொண்டிருந்தார். ஆவடி தொழிற்சாலையில் பேட்டர்ன் ஷாப் ஆள்; வார்ப்படத்துக்கு மர மாதிரிகள் செய்பவர். தோள்பையிலிருந்து இரண்டடி இரும்பு ஸ்கேல் ஒன்றை உருவினார். "வாங்கம்மா, நானே அளந்து காட்டறேன். அந்த வரதன் வாயைத் தொறந்தாலே பொய்" என்றார்.

"அளந்துடலாம்" என்று எழுந்தார் ஜெகதாம்பாள். "வனஜா, டேப்பை எடுத்துக்கோ."

பூங்காவுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. பெங்களூர் சாலையை ஒட்டிய சேற்று மைதானத்தில் எட்டுத் தூண்களும் தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் நின்றன. மிச்சமிருந்த பீம்களைப் போலீஸார் நேற்றே வரதனின் ஆட்களைக் கொண்டு இறக்கித் தரையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒன்றின் விளிம்பில் இன்னும் ரத்தக் கறை. வனஜா அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வரதன் முந்திக்கொண்டான். "நீங்களே பாருங்கமா. நடுவுல தூணுக்குத் தூண் ஏழடி, ரெண்டு ஓரத்துலயும் மட்டும் ஆறடி. ஒரே வரிசைல நிக்கற தூணுக்கு ரெண்டு அளவா? இன்னா ப்ளான் இது? பீமு ஊத்தற மர அச்சு நம்ம ஆசாரிங்க இங்கியே அடிச்சதுதான். ஷீட்ல இன்னா இருந்துச்சோ அதான் செஞ்சோம்."

"அச்சு எங்கே?"

"பிரிச்சு அடுப்பெரிச்சுட்டாங்க."

ஜெகதாம்பாள் தலையசைத்துக்கொண்டார். ஒவ்வொரு தூணின் தலையிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்; பீமின் இரண்டு முனையிலும் இருக்கும் குழிகள் அந்தக் கம்பிகளில் இறங்கி உட்கார வேண்டும். அதுதான் அமைப்பு. டேப் வைத்துப் பார்த்தபோது தூண்கள் அட்சரம் பிசகாமல் நின்றன: நடுவில் ஏழடி, ஓரங்களில் ஆறடி.

பால்ராஜ் தரையில் கிடந்த ஒரு நடு பீமின் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டடி ஸ்கேலை மூன்றரைத் தடவை மாற்றி வைத்து அளந்தார். "குழிக்குக் குழி சரியா ஏழடி. பீமும் சரிதாம்மா" என்றார், வெற்றியோடு.

வனஜா அதே பீமில் டேப்பைப் பிடித்தாள். ஏழடி ஏழு நூல். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆக, ஏறக்குறைய ஓர் அங்குலமே அதிகம். டேப்பைத் தொய்வாகப் பிடித்துவிட்டோமோ என்று இன்னும் இரண்டு முறை பார்த்தாள். அதே ஏழு நூல். ஓரத்துப் பீமை அளந்தாள். ஆறடி ஆறு நூல். அவமானமாக இருந்தது. இத்தனை பேர் பார்க்க டேப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஜெகதாம்பாள் மட்டும் குனிந்து, பால்ராஜ் கீழே வைத்திருந்த ஸ்கேலுக்குப் பக்கத்தில் டேப்பை ஒரு நிமிஷம் நீட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். பால்ராஜ் ஸ்கேலைப் பைக்குள் திணித்துக்கொண்டு தூரப் போய் நின்றார்.

"வனஜா, மேலே ஏறி ஒரு தூணின் தலையைப் பார்த்துட்டு வா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பதினேழடிச் சாரத்தில் ஏறினாள் வனஜா. காற்றில் சவுக்குக் கழிகள் ஆடின. கம்பிகள் மொட்டையாக அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த முகத்தின் மேல் சிமெண்டுச் சாந்து காய்ந்து ஒட்டியிருந்தது. இறங்கி வந்து, மூச்சு வாங்க அப்படியே சொன்னாள்.

"நேத்து பீமை எறக்கச்சே அறுத்தோம். இன்ஸ்பெக்டர் சார் கண்ணு முன்னாலதான்" என்றான் வரதன்.

"ஆமாம், ஆக்ஸா பிளேடு சத்தம் கேட்டது" என்றார் இன்ஸ்பெக்டர்.

மூன்று மணிக்கு எல்லோரையும் சிமெண்டுக் கொட்டகையில் உட்காரவைத்தார் ஜெகதாம்பாள். அய்யாசாமியின் மனைவி வேம்புலியம்மாளையும் நூம்பலிலிருந்து கூட்டிவரச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் ஒரு மூட்டையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முதலில் ஓரத்து ஆறடி" என்று ஆரம்பித்தார் ஜெகதாம்பாள். "அது மனோகரனின் கிறுக்கு இல்லை. ஏதென்ஸ்ல அந்தக் கோயிலைக் கட்டினவங்களே மூலைத் தூண்களைக் கொஞ்சம் நெருக்கித்தான் வெச்சாங்க. மனோகரன் புத்தகத்தைப் பார்த்து ஒழுங்கா பாதியாக்கியிருக்கார். அவங்க எல்லா இடைவெளியையும் ஒண்ணா வெச்சிருந்தா இன்னிக்கு என்னால ஒண்ணும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"புரியலையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏழடிக்கு ஏழு நூல் அதிகம். ஆறடிக்கு ஆறு நூல் அதிகம். பேனா பிடிக்கிறவன் தப்பு பண்ணினா ஏழை எட்டும்பான், ஆறை ஒன்பதும்பான். அடிக்கு ஒரு நூல்னு கணக்கா தப்பு பண்ண மாட்டான். ஷீட்ல இருந்தது ஏழும் ஆறும்தான். அதை அளந்த கோல்தான் நீளம்."

வனஜாவுக்குச் சட்டென்று உறைத்தது. டேப்பில் ஏழடி ஏழு நூல் காட்டிய பீம் காலையில் இன்னொரு கோலில் சரியாக ஏழடி காட்டியது. அவள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"உருக்கின இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால வார்ப்படத்துக்கு மர மாதிரி செய்யறவங்க அடிக்கு ஒரு நூல் கூடுதலா செய்வாங்க. ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாது இல்லையா, அதுக்காக ஸ்கேலையே நீளமா அடிச்சு வெச்சிருப்பாங்க. பார்க்க சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். கட்டட ஆசாரி கையில் அது இருக்காது. அதனால அச்சு இங்கே அடிச்சதுன்னு வரதன் சொன்னது பொய்."

வரதன் எழுந்தான். "எவன் அடிச்சா இன்னா? தப்பு அவன் கைலதானே?"

"நீளமா வந்தது அச்சு அடிச்சவரோட கைத்தவறு. ஆனா குழி கம்பியில் இறங்கலைன்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கணும். நீங்க கம்பியை அறுத்துட்டு, வெறும் சாந்துல பீமை உட்கார வெச்சீங்க. நேத்து அறுத்திருந்தா அறுத்த முகம் பளபளன்னு இருந்திருக்கும். அதுக்கு மேலே சாந்து எப்படி வரும்? நேத்து இன்ஸ்பெக்டர் கேட்டது பழைய வெட்டை மறைக்க நடந்த நாடகம்."

வேம்புலியம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "எங்க ஊட்டுக்காரரு மேல ஏறச்சே கீழ நீதானே நின்னுகினு இருந்தே. அதுல கம்பி இல்லனு உனக்குத் தெரியுமில்ல?"

வரதன் உட்கார்ந்துவிட்டான். கான்ஸ்டபிள் அவன் பின்னால் வந்து நின்றார்.

"ஊகம் நல்லாத்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "ஆனா ஷீட்ல என்ன இருந்ததுன்னு சொல்ல சாட்சி வேணும். இல்லேன்னா நாளைக்கு மனோகரனும் சேர்ந்துதான் கோர்ட்டுக்கு. அந்த அச்சை அடிச்சது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

ஜெகதாம்பாள் யாரையும் சுட்டவில்லை. அவர் பாட்டுக்குத் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் வனஜாவுக்குக் கத்திவிடலாம் போலிருந்தது.

"நான்தான் சார்" என்றார் பால்ராஜ்.

பத்மா திரும்பினாள்.

"ஃபாக்டரி ஆள் வெளி வேலை செய்யக்கூடாது. தெரிஞ்சா வேலையே போயிடும். அதான் மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லாம, வரதனுக்கு லீவு நாள்ல அடிச்சுக் கொடுத்தேன். எட்டு வருஷமா என் கையில இந்த ஒரு ஸ்கேல்தான். காங்க்ரீட்டுக்கு இது ஆகாதுன்னு எனக்கு நினைப்பே வரலை சார். ஷீட் என் வீட்டு பீரோவுல இருக்கு. நனையவே இல்லை."

"எப்ப தெரிஞ்சுது அண்ணா?" என்றாள் பத்மா.

"காலைல. அந்தப் பொண்ணு டேப்பைப் பிடிச்சப்போ." அவர் தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பொண்ணுங்க இருக்கே பத்மா. நாலு மணி நேரம் அதையே நினைச்சுட்டு நின்னுட்டேன்."

பத்மா அழவில்லை, திட்டவும் இல்லை. இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்ட, பால்ராஜ் கையெழுத்துப் போடும்வரை அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை போகப்போவது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

சாயங்காலம் பூந்தமல்லி ஸ்டேஷனில் மனோகரனை வெளியே விட்டார்கள். இரண்டே நாளில் ஆள் பாதியாகியிருந்தான். நடந்ததையெல்லாம் பத்மா சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, வேப்பமரத்தடியில் தலைகுனிந்து நின்ற பால்ராஜிடம் போனான். அடித்துவிடுவானோ என்று வனஜா ஓரடி முன்னால் வைத்தாள்.

"மச்சான், நீங்க ஷீட்டைப் பார்த்தீங்கல்ல" என்றான் மனோகரன். "நான் சரியாத்தானே போட்டிருந்தேன்?"

"சரியாத்தான் போட்டிருந்தீங்க மாப்பிள்ளை."

மனோகரன் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சத்தமாக அழுதான்.