உயிர்ப் போக்கர் நாற்பத்தோராம் தொடர்

‘டொப்’பென்று ஒரு சத்தம். இறுதி மேஜையில் ஒரு தலை கவிழ்ந்தது.

அரங்கில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோபோ ஒன்று உருண்டு வந்து பிணத்தின் காலைப் பற்றி இழுத்துப் போனது. இன்னொன்று மேஜையைத் துடைத்து, ரத்தம் பட்ட இரண்டு சீட்டுகளை மாற்றியது.

“மூணு பேரு பாக்கி. அடுத்த ஆட்டம்” என்றார் போட்டித் தலைவர் நாச்சிமுத்து.

செவ்வாய்க் கிரகத்தின் செங்கொங்குக் குடியிருப்பில் இந்தப் போக்கர் சீட்டாட்டம்தான் ஆண்டுத் திருவிழா. ஆட்டக்காரரின் கழுத்துக்குப் பின்னால் ‘பிடரியாணி’ என்னும் பொத்தான் அளவுக் கருவியைப் பதித்துவிடுவார்கள். கையிருப்புப் பந்தயச் சில்லுகள் தீர்ந்த நொடியில் அது மூளைக்குள் ஓர் ஆணியைச் செலுத்தும். கடைசியில் மிஞ்சுகிறவரின் குடும்பத்துக்கு ஆயுள் முழுவதும் காற்று இலவசம்.

மாடியில், ஆவணக் காப்பகத்தில், சிறப்பு மலருக்காகச் சம்பூரணம் தொடரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள். கீழே மிச்சமிருந்த மூவரில் ஒருவன் அவள் கணவன் சென்னியப்பன். இரட்டைக் குழந்தைகள் பிறந்தபின் இருவருக்கான காற்றை நால்வர் சுவாசித்தார்கள். வேறு வழியில்லாமல்தான் அவன் பெயர் கொடுத்திருந்தான்.

வரலாறு விறுவிறுப்பாகத்தான் இருந்தது. முதல் தொடரில் தோற்றவர்களைக் கயிற்றால் நெரித்தார்கள். கை வலிக்கிறதென்று நடுவர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், மூன்றாம் தொடரில் சம்மட்டி வந்தது. ஒன்பதாம் தொடரில், தோற்ற ஒருவர் அதே சம்மட்டியைப் பிடுங்கி இரண்டு நடுவர்களின் மண்டையைப் பிளந்தார். அதற்கப்புறம்தான் பிடரியாணி. இருபத்திரண்டாம் தொடரில் ரசிகர்களே ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு பதினோரு பேர் செத்தார்கள்.

ஆரம்பம் எங்கே என்று தேடியபோது, முதல் குடியேறிகள் கொண்டுவந்த பூமிச் சுவரொட்டி ஒன்று கிடைத்தது. ‘லைவ் போக்கர் தொடர்’ என்றிருந்ததை அன்றைய மொழிபெயர்ப்பு இயந்திரம் ‘உயிர்ப் போக்கர்’ ஆக்கியிருந்தது. சம்பூரணம் பழைய அகராதியைத் திறந்தாள். லைவ்: இணையத்தில் இல்லாமல், ஒரே மேஜையில் நேரில் உட்கார்ந்து, முகத்துக்கு முகம் பார்த்து ஆடுவது.

அவள் அகராதியோடு படிகளில் பாய்ந்து இறங்கினாள். பாதி வழியில் இன்னொரு ‘டொப்’. உயிர் பாதி போய் நின்றாள்.

செத்தது சென்னியப்பன் இல்லை. விழுந்தவரின் முகத்தை மூடியிருந்த மின்திரைக்கு அடியிலிருந்து ரத்தம் வழிந்தது. ஆனால் அந்த முகத்திரையில் அவருடைய இருபது வயதுப் படம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அங்கே ஐந்து வயதில் மாட்டும் முகத்திரையை யாரும், எங்கும், யார் முன்னும் கழற்றுவதில்லை.

“நிறுத்துங்க!”

“என்ன அம்மிணி, ஆட்டத்துக்கு நடுவால வந்து?” என்றார் நாச்சிமுத்து.

“லைவ்வுன்னா உயிரு இல்லீங்க. நேருக்கு நேரா உக்காந்து ஆடறதுங்க. மெசினு தப்பாப் பெயர்த்துப் போட்டுருச்சுங்க.”

அவர் அகராதியை இரண்டு முறை படித்தார். “அப்ப இதுவரைக்கும் செத்த முன்னூத்தி எட்டுப் பேரு?”

“மொழிபெயர்ப்புப் பிழைங்க.”

“சரி, மலர்ல திருத்தம் போட்டுருவோம்.”

நாச்சிமுத்து சட்டம் தவறாதவர். பூமியில் ஆடியபடியே ஆட வேண்டும் என்பது முதல் விதி. பிடரியாணிகளை அணைத்தார். பரிசு அப்படியே இருக்கும், தோற்றவர் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தார். சம்பூரணம் அழுதே விட்டாள்.

“இப்ப ரெண்டு பேரும் முகத்திரையக் கழட்டுங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்து ஆடணும்.”

சென்னியப்பனும் எதிரில் இருந்த குருசாமியும் மெதுவாகக் கழற்றினார்கள். வேர்வை, மரு, கோணல் பல். அரங்கில் பலர் கண்ணைப் பொத்தினார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். பத்து விநாடி ஆகியிருக்காது.

“ஏண்டா அப்படிப் பாக்கற?” என்றார் குருசாமி.

“நானெங்க பாத்தேன்? நீங்கதானுங்க...”

குருசாமி நாற்காலியைத் தூக்கி அவன் முகத்தில் இறக்கினார். மூக்கு நொறுங்கியது. சென்னியப்பன் பாய்ந்து அவர் காதைக் கடித்துத் துப்பினான். பார்வையாளர்கள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடியதில் நான்கு பேர் மிதிபட்டுச் செத்தார்கள். இருவரையும் பிரித்தெடுக்க ஆறு ரோபோக்கள் தேவைப்பட்டன.

சம்பூரணம் கணவனின் ரத்தத்தைத் துடைக்கக் குனிந்தாள். ஆறு வருட இல்லறத்தில் அந்த மூக்கை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பி, தரையில் துழாவித் தன் முகத்திரையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

“புள்ள, அந்த ஆணிய மறுக்கா முடுக்கிவிடச் சொல்லு. செத்தாலும் பரவால்ல, எதுத்தாப்ல ஒரு மனுசன் மூஞ்சியப் பாத்துட்டு உக்கார என்னால ஆவாது!”